ஓடும் ஆற்றிலும் விரயம் உண்டு

2022ஆம் ஆண்டு நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்தது முதல், உரையாடும் இயந்திரங்கள் பலருடைய இல்லங்களில் இடம்பெற்றுவிட்டன. நீரைச் சிக்கனப்படுத்துவது எங்ஙனம், மின்சாரத்தைக் குறைப்பது எங்ஙனம் என்று மக்கள் வினவுகின்றனர். அவையும் சலிப்பின்றி விடை பகர்கின்றன. நல்லுரை பயன்படுமாயின் ஏற்பதில் தவறில்லை. ஆயினும் நல்லுரை கேட்பது வேறு. நற்பழக்கம் கைவரப்பெறுவது வேறு.

ஸஅது (ரலி) அவர்கள் ஒளுச் செய்கையில் நீரை மிகுதியாகச் செலவிடுவதைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதனை விரயமெனக் கடிந்துரைத்தார்கள். ஒளுவிலுமா விரயம் என்று தோழர் வியந்தார். ஓடும் ஆற்றங்கரையில் இருப்பினும் விரயம் விரயமே என்பது பெருமானாரின் மறுமொழி. இச்செய்தி இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. அந்த அறிவுரைக்கு வலிமை தந்தது எது? அண்ணலார் தாமே ஒரு ‘முத்து’ அளவு நீரில் ஒளுச் செய்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். ஒருவர் இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவே ஒரு முத்து. சொல்லும் செயலும் அங்கே ஒன்றாயிருந்தன.

இயந்திரத்தின் நிலை என்ன? நீரைச் சேமிக்கச் சொல்லும் அதற்கே நீரும் மின்சாரமும் வேண்டும். அதனை இயக்கும் தரவு மையங்கள் பலவற்றில் வெப்பந் தணிக்க நீர் செலவாகின்றது. 2024இல் உலகத் தரவு மையங்கள் செலவிட்ட மின்சாரம் ஏறத்தாழ 415 டெராவாட் மணி என்றும், அது உலகப் பயன்பாட்டில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு என்றும் பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது. அத்தனையும் இவ்வியந்திரங்களுக்கே சென்றதன்று. எனினும் அவற்றுக்கும் அதில் பங்குண்டு. மேலும், கேட்பவர் மனங்கோணாதபடி பேசும் இயல்பும் அவற்றுக்கு உண்டு. சாக்குப்போக்கு நாடுவோருக்கு அதனையும் இனிமையாகவே தந்துவிடக் கூடும். மறுமையில் கணக்கு ஒப்புவிக்க வேண்டியது இயந்திரமன்று, நாமே அன்றோ!

ஆகவே அதனை வெறுத்தொதுக்கவும் வேண்டா. வழிகாட்டியாய் வரித்துக்கொள்ளவும் வேண்டா. அறிய வேண்டியதைக் கேட்டறிந்து, உடனே செயலில் இறங்குவதே முறை. விரயம் செய்வோரை இறைவன் நேசிப்பதில்லை என்று திருமறையின் அஃராஃப் அத்தியாயம் 31ஆம் வசனம் எச்சரிக்கின்றது. அவனது நேசத்தை இழந்துவிடுவோமோ என்னும் அச்சமே பழக்கத்தை மாற்றவல்லது. அவ்வச்சத்தை எந்த இயந்திரமும் நம் உள்ளத்தில் ஊட்டவியலாது.

இன்று ஜும்ஆவுக்குப் புறப்படுமுன், குழாயை மூடிவிட்டு ஒரு செம்பு நீரில் ஒளுச் செய்து பார்ப்போம். அடுத்த வெள்ளியன்றும் அப்பழக்கம் நம்மிடம் நிலைத்திருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!