எடைக்குப் போகும் சைக்கிள்கள்

"பழைய இரும்பு வாங்குகிறோம்" என்று ஒலிபெருக்கி வைத்த வண்டி குமாரலிங்கபுரம் போன்ற ஊர்களுக்குள் நுழைந்தால், மாட்டுக் கொட்டிலில் சாத்தி வைத்திருக்கும் தாத்தாவின் சைக்கிளுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று அர்த்தம். தராசில் ஏறிவிட்டால் அது வெறும் இரும்பு. அதே வண்டி பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தால் "அபூர்வப் பொருள்". இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் விஷயம் தெரிந்திருப்பதுதான். அது வாங்குகிறவரிடம் மட்டும் இருந்தால் போதாது, விற்கிறவரிடமும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் மனிதனுக்குக் கஷ்டம். இரும்புக்கோ அது நன்மை. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று தின்றுவிடும் சட்டம், இங்கே கூரைக்கு அடியில் கிடந்தால் நெடுநாள் தாங்கும். டயரும் தோல் ஸீட்டும் வெடித்துப் போயிருக்கும். போகட்டும், அவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

வண்டியை எப்படி அடையாளம் காண்பது? முகப்புத் தகட்டை மட்டும் நம்பக் கூடாது. அதைக் கழற்றி வேறொன்றில் பொருத்திவிடலாம். பெடல் பல்சக்கரத்தைத் துடைத்துப் பாருங்கள். நாரைத் தலைகள் தெரிந்தால் ராலே. ஓடுகிற மனித உருவங்கள் சுற்றி வந்தால் ஹம்பர். பி.எஸ்.ஏ. என்ற எழுத்துக்களே இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கம்பெனி பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்து வந்தது. ஆகையால்தான் அதன் முத்திரையில் மூன்று துப்பாக்கிகள். மூன்று கியர் வைத்த ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப் அகப்பட்டால் அதிர்ஷ்டம். அதன் மேல் 52 என்று பொறித்திருந்தால் 1952-ல் செய்தது. ஆனால் அது ஹப்பின் வயது. சக்கரத்தை எப்போதோ மாற்றியிருக்கலாம் அல்லவா?

"இது அசல் லண்டன் வண்டி, தம்பி!" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். ராலே செய்யப்பட்ட ஊர் லண்டன் அல்ல, நாட்டிங்ஹாம். தவிரவும், 1950-களிலிருந்து மேற்கு வங்காளத்து அஸன்ஸாலில் ஸென்-ராலே வண்டிகள் தயாராயின. முருகப்பா குடும்பத்தார் ஆங்கிலக் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னை அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பிறகு பி.எஸ்.ஏ. வண்டிகளைச் செய்தது. ஆகவே தாத்தாவின் "லண்டன் வண்டி" அம்பத்தூரைத் தாண்டாததாக இருக்கலாம். அதில் என்ன குறைச்சல்? பருத்தி மூட்டையையும் தண்ணீர்க் குடங்களையும் சுமந்து, முன்பாரில் பிள்ளையையும் உட்கார வைத்துக்கொண்டு ஓடியது அதுதானே!

என்னைக் கேட்டால், நாட்டிங்ஹாம் முத்திரையைவிட அருமையான அடையாளங்கள் உண்டு. ஒன்று, லைசென்ஸ் வில்லை. ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி வாங்கிக்கொண்டு, ஊர்ப் பெயரும் ஆண்டும் பொறித்த வில்லை கொடுப்பார்கள். அது தொங்கினால், வண்டி எந்த வருஷம் எந்த ஊரில் ஓடியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மற்றொன்று, மட்கார்டில் பெயிண்டால் எழுதிய வாடகைக் கடைப் பெயரும் நம்பரும். மணிக் கணக்குக்கு எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர்களுக்கு அந்த நம்பர் இன்னும் மறந்திருக்காது.

"புதுப்பிக்கிறேன்" என்று புறப்படுகிறவர்களில் பலர் முதல் காரியமாக உப்புத்தாளை எடுத்து இந்த எழுத்தைத்தான் தேய்த்துத் தள்ளுகிறார்கள். பிறகு பளபளவென்று கறுப்புப் பெயிண்ட்! கல்யாணச் சீராக வந்த வண்டியில் மாப்பிள்ளையின் பெயர் எழுதியிருந்தால் அதுவும் போச்சு. எனக்கு இது உடன்பாடில்லை. ஈரத்துணியால் துடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். துருப்பிடித்த நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுங்கள், சுத்தியலைத் தொடாதீர்கள். பெடல் அச்சில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கிலாந்து ராலேயில் அந்த மரை பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 சுற்று. மற்ற ஆங்கில வண்டிகளில் 24. பொருந்தாத கப்பைப் போட்டு முறுக்கினால் சட்டமே பாழ்.

வண்டியை விற்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. விளைச்சல் இல்லாத வருஷத்தில் வீட்டுக்குப் பணம் வேண்டும். ஆனால் கொடுக்குமுன் பல்சக்கரத்தைத் துடைத்து, இன்ன வண்டி என்று பெயர் சொல்லி விலை கேளுங்கள். வாங்குகிறவரும் யார் ஓட்டியது, எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். வில்லையை மட்டும் தனியே கழற்றிக் கேட்கிற ஆசாமி வந்தால், வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.