உயர்ரக ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய சந்தை?

ஒரு பொருளின் விலையைப் பார்த்து அதன் சந்தையை அளக்கும் பழக்கம் நம் வியாபாரிகள் பலரிடம் இருக்கிறது. ஒரு சோடி ஒரு கோடி ரூபாவுக்குப் போகுமென்றால் வருடத்துக்கு நாலு சோடி விற்றாலே போதுமே என்று மனம் கணக்குப் போடும். அந்த நாலு பேர் எங்கே இருக்கிறார்கள், அவர்கள் ஏன் நம் கடைக்கு வர வேண்டும் என்ற கேள்வி பிறகுதான் வருகிறது. சிலருக்கு முதல் கரைந்த பிறகு வருகிறது.

வளைகுடாவில் உழைத்து ஊர் திரும்பிய தம்பி ஒருவர், நுவரெலியாவில் உயர்ரக ஸ்பீக்கர்களுக்கென்று ஒரு காட்சியறை திறக்கலாமா என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். "நானா, இது உலகத்தில் பில்லியன் டொலர் சந்தை" என்று அறிக்கை ஒன்றையும் காட்டினார். சேமிப்போடு மனைவியின் நகையையும் சேர்த்துப் போடுவதாக உத்தேசம். நானுஓயாவில் நெடுங்காலம் ரேடியோவும் டீவியும் விற்று, பழுதும் பார்த்து வருபவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கையில் தூக்கிச் செல்லும் புளூடூத் பெட்டியும், டீவிக்குக் கீழே வைக்கும் சவுண்ட் பாரும் வேறு. தனி அம்ப்ளிஃபயரில் இணைத்து, அதற்கென்றே ஒதுக்கிய அறையில் உட்கார்ந்து கேட்கும் ஸ்பீக்கர் வேறு. அறிக்கைகளில் பெரிய தொகை வரும்போது இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நிறுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 'ஆடம்பரம்' எந்த விலையில் ஆரம்பிக்கிறது என்பதற்கு எல்லைக் கல் கிடையாது. அறிக்கை எழுதுபவர் நட்ட இடம்தான் எல்லை.

அறிக்கையை விட, கொம்பனிகள் கைமாறிய விலை உண்மையை அதிகம் சொல்லும். பவர்ஸ் அன்ட் வில்கின்ஸ், டெனோன், மராண்ட்ஸ் போன்ற பேர்போன பெயர்களை வைத்திருந்த சவுண்ட் யுனைட்டட் கொம்பனியை, மருத்துவக் கருவிகள் செய்யும் அமெரிக்காவின் மாசிமோ நிறுவனம் 2022 இல் 1,025 மில்லியன் டொலருக்கு வாங்கியது. வாங்கப்போகிற செய்தி வெளிவந்த உடனேயே மாசிமோவின் பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 2025 இல் அதே வியாபாரத்தை சாம்சுங்குக்குச் சொந்தமான ஹாமன் நிறுவனம் 350 மில்லியன் டொலருக்கு வாங்கிக்கொண்டது. மூன்று வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு விலை! மாசிமோவின் நிர்வாகச் சண்டைக்கும் இதில் பங்குண்டு. என்றாலும், இத்தனை பெயர்கள் சேர்ந்தும் அந்த விலைதான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஹெட்போனுக்குப் பேர்பெற்ற பீட்ஸ் நிறுவனத்துக்கு அப்பிள் 2014 இல் 3,000 மில்லியன் டொலர் கொடுத்தது. புளூடூத் ஸ்பீக்கரும் ஹெட்போனும் விற்று வளர்ந்த மார்ஷல் குழுமம் 2025 இல் 1,100 மில்லியன் யூரோ மதிப்பில் கைமாறியது. காதில் மாட்டுவதும் கையில் தூக்குவதும்தான் பெரிய சந்தை. அறையில் நிறுத்தி வைப்பது சின்னச் சந்தை.

அது ஏன் சின்னதாகவே இருக்கிறது? நல்ல ஸ்பீக்கர் இலகுவில் சாவதில்லை. ஒழுங்காகப் பாவித்தால் இருபது, முப்பது வருடம் பாடும். கைத்தொலைபேசி போல மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். புதிது வாங்குகிறவரும் பழையதை இன்னொருவருக்கு விற்றுவிடுவார். அந்த இன்னொருவரும் உங்கள் வாடிக்கையாளர் அல்ல. இதற்கு மேலே, பெரிய அறை வேண்டும், நல்ல அம்ப்ளிஃபயர் வேண்டும், உட்கார்ந்து கேட்க நேரமும் வேண்டும்.

இனி நம் ஊர்க் கணக்கு. பவர்ஸ் அன்ட் வில்கின்ஸின் 801 டி4 என்ற ஸ்பீக்கர் 2021 இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் ஒரு சோடி 35,000 டொலர். ஒன்றின் நிறையே ஏறக்குறைய 100 கிலோ. டொலர் 300 ரூபா என்று வைத்தால், கப்பல் கூலியும் தீர்வையும் வற் வரியும் சேராமலே ஒரு கோடி ஐந்து இலட்சம். 2024 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கூலியில் வருடத்துக்கு 300 நாள் வேலை செய்பவருக்கு இந்தத் தொகை ஏறக்குறைய 26 வருட உழைப்பு. தோட்டத்து மக்கள் இதை வாங்குவார்கள் என்று யாரும் நினைக்கவில்லைதான். ஆனால் மாதக் கடைசியில் நம் கல்லாப்பெட்டியை நிரப்புவது யார் என்பதை மறந்து கடை திறக்கக்கூடாது.

பணக்காரர்கள் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் அவர்களது கார்கள் வரிசையாக நிற்கும். ஆனால் அவர்கள் இங்கே வருவது குளிருக்கு. இந்த ரகப் பொருளை அவர்கள் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கேட்டுப் பார்த்து வாங்குவார்கள்.

இறக்குமதி ஆபத்து இன்னொரு பக்கம். 2020 இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 2021 செப்டெம்பரில் அத்தியாவசியமற்ற பல பொருட்களுக்கு முழுப் பெறுமதியையும் காசாக வைப்புச் செய்யச் சொன்னது மத்திய வங்கி. 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமாகும்போது 350 ஐத் தாண்டியது. நாட்டில் டொலர் தட்டுப்பட்டால் முதலில் கதவு சாத்தப்படுவது ஆடம்பரப் பொருளுக்குத்தான். பருப்பு வியாபாரிக்கு அந்தப் பயம் குறைவு.

அப்படியானால் ஒலி வியாபாரமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. கல்யாண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் சவுண்ட் செட் வாடகைக்குப் போகிறது. ஹோட்டல்களுக்குச் சாப்பாட்டு மண்டபத்தில் மெதுவாக ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் தேவை. பழைய ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றியிருக்கும் ஸ்பொன்ஞ் விளிம்பு காலப்போக்கில் உதிர்ந்துவிடும். அதை ஒழுங்காக மாற்றத் தெரிந்தவர் மலைநாட்டில் மிகக் குறைவு. உயர்ரகம்தான் வேண்டும் என்று யாராவது வந்தால் முற்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுங்கள். இலாபம் குறையும், முதல் உங்கள் கையில் இருக்கும்.

அந்தத் தம்பியிடம் ஒரு வேலை சொன்னேன். கடை பார்க்கும் முன், நானுஓயாவில் இருந்து நுவரெலியா வரை இந்த விலைக்கு ஸ்பீக்கர் வாங்கக்கூடியவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில், அவர்கள் அடுத்த சோடி எப்போது வாங்குவார்கள் என்றும் எழுதுங்கள் என்றேன். எந்தச் சாமானுக்கும் இது பொருந்தும். உங்கள் சந்தையின் அளவு அந்தக் கொப்பியில் வருவதுதான். ஒரு பக்கம் நிரம்பாவிட்டால் நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.