கடலோர ஏகாந்தமும் ஜப்பானியப் பண்பும்

கடற்கரையில் ஆளரவமற்ற ஓரிடத்தில் சிறு வீடொன்றை நாலு நாள் வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு போய் இளைப்பாறி வரவேண்டும் என்றும், அவ்வீடு ஜப்பானிய சம்பிரதாயப்படி பாய் விரித்த தரையும், காகிதம் ஒட்டிய நகரும் கதவும், கூழாங்கல் பரப்பிய முற்றமுமாக அமைந்திருக்க வேண்டும் என்றும் ஆசைப்படுவோர் நகரத்தாரிடையே இன்று உண்டு. அந்த ஆசையில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஜப்பானியரிடமிருந்து எதைக் கற்பது என்ற விஷயத்தில் நம்மவர்க்கு நல்ல வழிகாட்டி ஒன்று தமிழகத்தின் அருகிலேயே இருக்க, அதைப் பாராமல் படங்களைப் பார்த்து வீடு கட்டுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டா என்னும் தங்குமனையைச் சொல்கிறேன். 1919-இல் டோக்கியோ சென்று பல்லாண்டு அங்கேயே தொழில் செய்த ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து, அவருடைய உதவியாளரான ஜார்ஜ் நகஷிமா உடனிருந்து மேற்பார்வையிட, 1937-இல் தொடங்கி ஆசிரமவாசிகளும் கைகொடுக்க எழும்பிய கட்டடம் அது. ஐதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்த நன்கொடையே அப்பெயருக்குக் காரணம். நகஷிமாவோ சம்பளமே வேண்டாமென்று மறுத்து, சுந்தரானந்தர் என்ற நாமத்துடன் அங்கே சாதகராகவே வாழ்ந்தார். அம்மனையின் வெளிப்புறம் நெடுகக் கண்ணாடி ஜன்னலுக்குப் பதிலாக, வேண்டியபடி திருப்பிக்கொள்ளும் கிடைச்சட்டங்கள் பொருத்தப்பட்டிருப்பதால், வெயிலும் சாரலும் தடுக்கப்பட்டுக் காற்று மட்டும் உள்ளே வருகிறது. அறைக்கும் நடைக்கும் இடையேயுள்ள சட்டங்களை இடைவிட்டுக் கோத்த தேக்குக் கதவுகள், காற்றை விட்டுப் பார்வையை மறைக்கின்றன. சுவர்களிலோ, கிளிஞ்சல் சேர்த்தரைத்த நம் செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு மின்னுகிறது. காகிதக் கதவு அங்கே இல்லை. ஆயினும் வேண்டாததை விலக்கி நிற்கும் ஜப்பானிய உள்ளத்தை நான் கண்ட மட்டில் அவ்வளவு பூரணமாக வேறெந்தக் கட்டடமும் நம் நாட்டில் காட்டவில்லை.

ஐப்பசி கார்த்திகையில் எங்கள் கரையோர வீடுகளில் துணியும் புத்தகமும் பூசணம் பூப்பதை அறிந்தவர்கள், காகிதக் கதவும் தடித்த வைக்கோல் மெத்தைப் பாயும் உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்துப் பார்க்கட்டும். பத்தமடைக் கோரைப்பாயைச் சுருட்டி வெயிலில் உலர்த்தலாம். ஓட்டுத் தாழ்வாரமும் அகன்ற திண்ணையும் மழையைத் தாங்கும். பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு இந்தக் காற்றிலேயே தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கிறது.

ஏகாந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் இருக்கும் வள்ளூருக்குக் கிழக்கேயுள்ள எண்ணூர், சென்னை ஆங்கிலேயர் ஓய்வுக்காக நாடி வந்த ரம்மியமான ஸ்தலமாக ஒரு காலத்தில் இருந்தது என்றால் இன்று எவர் நம்புவார்? 1,500 மெகாவாட் வள்ளூர் அனல் மின் நிலையமும், நிலக்கரிச் சாம்பலும், துறைமுகங்களும், 2017-லும் 2023-லும் பரவிய எண்ணெய்ப் படலமும் சேர்ந்து அக்கரையின் முகத்தையும், அங்கே கடலில் கலக்கும் கொசஸ்தலையாற்றின் முகத்தையும் மாற்றிவிட்டன. இறாலுக்கும் நண்டுக்கும் அவ்வாற்றை நம்பிய மீனவரின் பிழைப்பு குன்றிவிட்டது. இங்கே கரை தொழிலுக்கு இரையாயிற்று. நகரத்தின் தென்புறத்தே முட்டுக்காடு, கோவளம் பக்கங்களில் அது உல்லாசத்துக்கு இரையாகிவிடலாகாது. கட்டுமரம் ஏற்றும் மணலை மதில் போட்டு மறைத்துப் பெறும் தனிமை, பிறர் உரிமையைப் பறித்த தனிமையே ஆகும். 1991 முதல் அமலிலிருக்கும் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை அதிகாரிகள் தயவு தாட்சண்யமின்றி அங்கே நிறைவேற்ற வேண்டும்.

கடலோரத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட எண்ணுவோர், அனுமதி பெற்றுக் கோல்கொண்டாவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, அதன்பின் கொத்தனாரை அழைக்கட்டும். விடுமுறைக்கு வீடு தேடும் வாசகர்களும் முன்பணம் கொடுக்குமுன், அவ்வீட்டின் கழிவுநீர் எங்கே போகிறது, மீனவர் கடலுக்குச் செல்லும் பாதை திறந்திருக்கிறதா என்ற இவ்விரண்டையும் கேட்டறியும்படி வேண்டுகிறேன்.