அட்டையில் மறுபடியும் கிரிக்கெட்டா?

ஜூன், ஜூலை என்றால் குற்றாலத்தில் சாரல். நாலு வருஷத்துக்கு ஒருமுறை அதே மாதங்களில் உலகக் கோப்பை கால்பந்தும் வந்துவிடும் (2022 கத்தார் மட்டும் விதிவிலக்கு). செங்கோட்டையைத் தாண்டிவிட்டால் ஆரியங்காவு, கேரளா. அந்தப் பக்கம் உலகக் கோப்பை ஒரு திருவிழா. அருவியில் குளிக்க வருகிற மலையாளிகள் அர்ஜென்டினா, பிரேசில் சண்டையையும் கூடவே கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் காற்று பட்டுத்தான் தென்காசிப் பையன்கள் சிலருக்கும் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது.

சரி, பைத்தியத்துக்குத் தீனி? இன்டர்நெட் எட்டாத நாட்களில் ஸ்போர்ட்ஸ்டார்தான். 'தி இந்து' குழுமம் 1978-ல் ஆரம்பித்த ஆங்கிலப் பத்திரிகை. ஆங்கிலம் பாதிதான் புரியும், ஆனாலும் வாங்குவார்கள். எல்லாம் போஸ்டருக்காக! மாரடோனா கிடைத்தால் அன்றைக்குத் தீபாவளி. இல்லாவிட்டால் வழக்கமான புலம்பல்: "அட்டையிலும் கிரிக்கெட், போஸ்டரிலும் கிரிக்கெட்டா?"

2006-ல் அடுத்த இடி. பத்திரிகை டேப்லாய்டு அளவுக்கு மாறியது. அதுவும் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்த வருஷம். பழைய இதழ்களை வரிசையாக அடுக்கிப் பாதுகாத்தவனுக்கு, புதுசு அந்த அடுக்கில் உட்காரவே இல்லை. மறுபடி பத்திரிகை அளவுக்கு வர 2012 ஆகிவிட்டது.

இந்தக் கூத்து இங்கே மட்டும் இல்லை. 1956-லிருந்து பலோன் தோர் விருது கொடுத்துவரும் 'பிரான்ஸ் ஃபுட்பால்' பத்திரிகை, கொரோனாவைக் காரணம் காட்டி 2020-ல் விருதையே ரத்து செய்தது. லெவன்டோவ்ஸ்கி ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அடுத்த வருஷம் விருது வாங்கிய மெஸ்ஸியே, 2020-க்கான விருது லெவன்டோவ்ஸ்கிக்குச் சேரவேண்டியது என்று மேடையில் சொன்னார். ஆக, வாசகன் கோபம் ஒன்றும் சும்மா இல்லை.

ஆனால் அந்தக் கோபம் எதைக் கேட்கிறது? அங்கேதான் இடிக்கிறது. தென்காசி தனி மாவட்டமான அதே 2019-ல் கோவையை ஊராகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் கோப்பையை வென்றது. மதுரை சேது எஃப்சி பெண்கள், இந்திய மகளிர் லீக் சாம்பியன் ஆனார்கள். அவர்களை அட்டையில் போடச் சொல்லி எத்தனை பேர் கடிதம் எழுதியிருப்பார்கள்? கிரிக்கெட் அட்டையைத் திட்டுகிறவர்களே ஐ-லீக் பக்கம் வந்தால் சட்டென்று புரட்டிவிடுகிறார்கள். கிரிக்கெட் ரசிகன் கால்பந்துக்குச் செய்வதைத்தான், கால்பந்து ரசிகன் உள்ளூர்க் கால்பந்துக்குச் செய்கிறான்.

விற்பதைத்தான் ஆசிரியர் அட்டையில் போடுவார். அதில் தப்பில்லை. ஆனால் இன்றைக்கு மெஸ்ஸி அடிக்கிற கோல் அடுத்த நிமிஷம் கைபேசியில் வந்துவிடுகிறது. அதையே பத்து நாள் கழித்து அச்சில் யார் பார்க்கப் போகிறார்கள்? கைபேசி தானாகக் கொண்டுவந்து காட்டாத ஆட்டம் எதுவோ, அதைக் கொடுத்தால்தான் பத்திரிகைக்கு மரியாதை. அதைக் கேட்டு வாங்குவது வாசகன் பொறுப்பு.

"கிரிக்கெட் வேண்டாம்" என்று எழுதியது போதும் மக்களே. "சேது எஃப்சியைப் போடுங்கள்" என்று ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாமே?