கையெழுத்துக்குப் பத்து மதிப்பெண்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏ.பி. வகுப்புகள் என்று அழைக்கப்படும் கல்லூரித் தரப் பாடங்களைப் பற்றி அறிந்தவர்களுக்கு அவற்றின் முதல் வாரச் சடங்கும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு ஆசிரியரும் தம் வகுப்பின் எதிர்பார்ப்புகளையும் விதிகளையும் அச்சிட்டு வீட்டுக்கு அனுப்புவார். மாணவரும் பெற்றோரும் படித்து ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுத் திருப்பித் தரவேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் என் மகள் கொண்டுவந்த தாள்களில் ஒன்று 'அமெரிக்க அரசும் அரசியலும்' என்ற பாடத்துக்கானது. தாமதமாகத் தரும் வீட்டுப்பாடத்துக்கு நாளொன்றுக்கு 10 விழுக்காடு குறைப்பு, மூன்று நாட்களுக்குப் பிறகு பூஜ்யம். கைபேசி வாசலில் தொங்கும் பைக்குள் போகவேண்டும். கழிப்பறைக்குச் செல்லப் பருவத்துக்கு மூன்று சீட்டுகள். பயன்படுத்தாத சீட்டுக்குக் கூடுதல் மதிப்பெண். பங்கேற்புக்கும் மனப்பான்மைக்குமாக நூற்றுக்குப் பத்து. ஆசிரியரின் மதிப்பீடே இறுதியானது. கடைசியாக, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துடன் தருபவர்களுக்குப் பத்து மதிப்பெண்.

நான் பேனாவை எடுத்தேன். "படிக்காமலே போடறீங்களேப்பா" என்றாள். "மார்க் போயிடுமே" என்றேன். அந்தப் பதிலைச் சொன்ன வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஓர் அரசியல் வகுப்பின் முதல் மதிப்பெண் சம்மதத்துக்காக வழங்கப்படுகிறது. கேள்வி கேட்டதற்கோ வாதிட்டதற்கோ அல்ல, படித்ததற்குக்கூட அல்ல. இது ஏதோ ஓர் ஆசிரியரின் விசித்திரம் என்றால் பேசாமல் விட்டிருப்பேன். வேறு ஊர்களில் உள்ள நண்பர்களைக் கேட்டபோது அவர்கள் வீட்டுக்கு வந்த தாள்களும் ஏறக்குறைய இதே வார்ப்பில்தான் இருந்தன.

இந்தப் பாடத்தில் என்ன கற்பிக்கிறார்கள் என்று பார்ப்போம். காலேஜ் போர்ட் 2018-19 கல்வியாண்டில் பாடத்திட்டத்தைத் திருத்தி அமைத்தபோது, ஒவ்வொரு மாணவரும் படித்தாக வேண்டியவை என்று ஒன்பது அடிப்படை ஆவணங்களை வகுத்தது. சுதந்திரப் பிரகடனம் அவற்றில் ஒன்று. ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்தே அரசின் அதிகாரம் பிறக்கிறது என்பது அதன் மையக் கருத்து. ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 51ஆவது இன்னொன்று. அதிகாரத்தில் இருப்பவர் நல்லவர் என்ற நம்பிக்கையின் மேல் அரசைக் கட்டக்கூடாது, ஓர் அதிகாரத்தை இன்னோர் அதிகாரம் தடுக்கும்படி கட்டவேண்டும் என்று மேடிசன் அதில் வாதிடுகிறார். பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் 1963இல் எழுதிய கடிதமும் பட்டியலில் உண்டு. நியாயமான சட்டத்துக்கும் அநியாயமான சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அது ஆராய்கிறது. ஒரு சட்டத்தை இயற்றுவதில் பங்கு மறுக்கப்பட்டவர்கள் மீது அதைத் திணிப்பது அநியாயம் என்பது அவர் தரும் அளவுகோல்களில் ஒன்று.

இவற்றோடு உச்ச நீதிமன்ற வழக்குகள் 15 இருந்தன. 2022இல் ரோ வழக்கின் தீர்ப்பு ரத்தானபின் அது நீக்கப்பட்டு 14 ஆயிற்று. அவற்றுள் டிங்கர் வழக்கு பள்ளிக்கூடத்திலேயே பிறந்தது. 1965இல் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து வந்த டி மாய்ன் நகர மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மேரி பெத் டிங்கருக்கு அப்போது வயது 13. மாணவர் தம் பேச்சுரிமையைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை என்று 1969இல் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று. இதைப் பாடமாக நடத்தும் அறையில்தான் மனப்பான்மைக்கு மதிப்பெண்!

தேர்வைப் பாருங்கள். 80 நிமிடத்தில் 55 கேள்விகளுக்குச் சரியான விடையைத் தெரிவு செய்யவேண்டும். பிறகு 100 நிமிடத்தில் நான்கு கேள்விகளுக்கு விரித்து எழுதவேண்டும். நான்காவது, ஒரு வாதக் கட்டுரை. தன் நிலைப்பாட்டை முன்வைத்து, ஆவணங்களிலிருந்து சான்று காட்டி, எதிர்த்தரப்பின் கருத்துக்கும் பதில் சொல்லவேண்டும். மே மாதத்தில் முகமறியாத திருத்துநருக்கு முன்னால் காட்டவேண்டிய இத்திறனை ஆகஸ்ட் மாதத்தில் தன் ஆசிரியரின் தாளின் மீது காட்டினால் அதற்குப் பெயர் மனப்பான்மைக் குறைபாடு.

எதிர்வாதங்களை அறிவேன். ஓர் ஆசிரியருக்கு ஐந்து வகுப்புகள், நூற்றைம்பது மாணவர்கள். கெடு இல்லாவிட்டால் திருத்தி மாளாது. ஒப்புக்கொள்கிறேன். கெடுவை ஒழிக்கச் சொல்லவில்லை. ஆனால் கெடு தவறியதற்கான தண்டனை அறிவுக்கான மதிப்பெண்ணில் ஏன் விழவேண்டும்? கூட்டாட்சியை நன்றாகப் புரிந்துகொண்டு நான்கு நாள் தாமதமாக எழுதியவர் பூஜ்யம் என்றால், அந்தப் பூஜ்யம் கூட்டாட்சியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்வதில்லை. மதிப்பெண் பட்டியலோ சொல்வதாகப் பாவனை செய்கிறது, கல்லூரிகளும் அதை நம்புகின்றன.

பிள்ளைகள் பிள்ளைகள்தாமே, வகுப்பறை ஜனநாயகம் அல்லவே என்பது அடுத்த வாதம். சட்டம் இதில் பள்ளிகளின் பக்கம் ஓரளவு நிற்கிறது என்பது உண்மை. பள்ளிப் பத்திரிகையைத் தணிக்கை செய்யும் உரிமையை 1988இன் ஹேசல்வுட் தீர்ப்பு நிர்வாகத்துக்குத் தந்தது. அதே நீதிமன்றம் 1975இல், பத்து நாள்வரை இடைநீக்கம் செய்வதென்றாலும் காரணத்தைச் சொல்லி மாணவரின் தரப்பைக் கேட்கவேண்டும் என்று காஸ் வழக்கில் விதித்தது. இடைநீக்கத்துக்கான அந்தக் குறைந்தபட்ச மரியாதையைத் தாமத வீட்டுப்பாடத்துக்கும் தருவதில் என்ன கெட்டுவிடும்? சட்டம் தடுக்காததெல்லாம் நல்ல கல்வி ஆகிவிடாது. மேலும், இவர்களில் பலர் அந்தக் கல்வியாண்டிலேயே 18 வயதை எட்டுகிறார்கள். 1971இன் 26ஆவது திருத்தம் அவர்களுக்கு வாக்குரிமை தந்திருக்கிறது. நவம்பரில் வாக்குச்சாவடிக்குப் போகக்கூடியவர், டிசம்பரில் தன் மூன்றாவது கழிப்பறைச் சீட்டைச் சேமித்துவைப்பதா என்று கணக்குப் போடுகிறார்.

ஆசிரியரும் ஆளப்படுபவர்தான் என்பது மூன்றாவது வாதம். இதை மதிக்கிறேன். கைபேசி விதி மாநிலச் சட்டமாக இருக்கலாம். மதிப்பெண் விதி மாவட்டக் கல்வி வாரியத்தினுடையதாக இருக்கலாம். அப்படியானால் அதைத் தாளில் சொல்லட்டுமே. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் அதை இயற்றியது யார் என்று ஒரு சொல் எழுதினால் போதும்: மாநிலம், மாவட்டம், பள்ளி, ஆசிரியர். பள்ளிக்கு அருகில் துப்பாக்கியைத் தடைசெய்யும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டா என்பதைப் பற்றிய 1995இன் லோபஸ் வழக்கும் அந்த 14இல் இருக்கிறது. விதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் கூட்டாட்சிப் பாடமே. நான்கு பக்கத் தாளில் அது இலவசமாகக் கிடைக்கிறது. அதை வீணடிக்கிறார்கள்.

நான் கேட்பவை மூன்றே. ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம். தண்டிக்கப்பட்டவர் முறையிட, தண்டித்தவரல்லாத இன்னொருவர். ஆண்டின் நடுவில் விதிகளைத் திருத்த ஒரு வழிமுறை. இவற்றுக்கு நேரமில்லை என்று சொல்லமுடியாது. குடிமைச் செயல்பாடு அல்லது அரசியல் ஆய்வு சார்ந்த ஒரு திட்டப்பணியை இந்தப் பாடத்திட்டமே கோருகிறது. ஊரில் உள்ள பூங்காவுக்கு விளக்குப் போடச் சொல்லி நகரசபைக்குக் கடிதம் எழுதுவதை விட, தாம் அன்றாடம் கட்டுப்பட்டிருக்கும் ஒரு விதியை ஆராய்ந்து, எதிர்த்தோ ஆதரித்தோ வாதிட்டு, திருத்தமுடியுமா என்று பார்ப்பது எவ்விதத்தில் குறைந்தது? தோற்றால்கூட ஏன் தோற்றோம் என்பதைக் கற்றிருப்பார்கள்.

ஆசிரியர்களை மட்டும் குறைசொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. மதிப்பெண் என்ற சொல்லைக் கேட்டதும் படிக்காமல் கையெழுத்திடும் பெற்றோர் இல்லாமல் இந்தத் தாள் ஓராண்டுகூட நிலைக்காது. அதிலும் பிள்ளைகளின் படிப்புக்காகவே கடல் கடந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் நம்மவர்கள் இதில் முன்வரிசையில் நிற்கிறோம். ஊரில் தலைமையாசிரியர் அறை வாசலில் கைகட்டி நின்ற பழக்கம் விமானத்தில் நம்மோடு ஏறி வந்திருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை மகளுக்குப் பத்து மதிப்பெண் கிடைத்தது. தாள் ஆசிரியரின் கோப்பில் இருக்கிறது, என் கையெழுத்தோடு. அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன், முதன்முறையாகப் படித்துப் பார்ப்பதற்கு.