தடிப்பு கண்டால் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வருகிறவர் சட்டையைக் கழற்றினால் மார்பெல்லாம் சிவந்த பொரிகள். வேர்க்குரு என்று பவுடர் போடுகிறோம். காய்ச்சலும் சேர்ந்தால் அம்மை என்று வேப்பிலை வைக்கிறோம். அவர் மனநல மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகவில்லை என்றால், இது இரண்டுமே இல்லாமல் இருக்கலாம்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரப்படும் லாமோட்ரிஜின், கார்பமசெபைன் மாத்திரைகளால் சிலருக்குத் தடிப்பு வரும். பெரும்பாலும் சாதாரணமானதுதான். அபூர்வமாக அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாக முற்றும்: வாய் புண்ணாகும், கண் சிவக்கும், தோல் கொப்பளித்து உரியும், உயிருக்கே ஆபத்து. முதல் எட்டு வாரங்களில்தான் இது அதிகம். லாமோட்ரிஜினைக் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுவது இதனால்தான்.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மருந்துக்கடைக்குக் குறைவில்லை. குறை நம் கூச்சத்தில் இருக்கிறது. தோல் மருத்துவரிடம் மனநல மாத்திரையைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறோம், அவரும் கேட்பதில்லை. களிம்போடு வீடு திரும்புகிறோம். மனநல மாத்திரை எடுக்கிறீர்களா என்று மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் அவர்களாகவே கேட்க வேண்டும்.

தடிப்பு கண்டால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே எழுதித் தந்த மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், கொப்புளம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். நிறுத்திய மாத்திரையை நீங்களாகத் திரும்பத் தொடங்காதீர்கள். மற்ற மனநல மாத்திரைகளைப் பயந்து விட்டுவிடவும் வேண்டாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது.