ஃபுல் ஸ்டாக் தெரியணும், ஜெர்மனும் தெரியணுமாம்!

முகப்புப் பக்கம் முதல் டேட்டாபேஸ் வரை ஒரே ஆள் செய்யணும். அதான் 'ஃபுல் ஸ்டாக்'. கூடவே ஜெர்மன் பி2 சான்றிதழும் வேணுமாம். 2000-ல் ஐடி ஆட்களுக்கு 'கிரீன் கார்டு' நீட்டிய ஜெர்மனி, 2024-ல் இந்தியர்களுக்கான திறன்பணி விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்குவதாக அறிவித்தது. ஆள் பஞ்சம் அவங்களுக்கு, கோர்ஸ் ஃபீஸ் மட்டும் திருத்தணிப் பையன் தலையிலா? மின்சார ரயிலில் சென்னை போய்வரவே நாலு மணி நேரம் காலி. வாடிக்கையாளரிடம் பேச மொழி வேணும், நியாயம்தான். வேலைக்கு எடுத்து, சம்பளத்தோடு கத்துக்கொடுங்களேன்! திருத்தணிக் கடைக்காரர் தெலுங்கு பேசுவது சான்றிதழ் வாங்கியா? 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியபோது சீகன்பால்க் என்ற ஜெர்மானியருக்குத் தமிழ் தெரியாது. வந்துதான் கத்துக்கிட்டார், 1715-ல் புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சடிச்சார்.